மார்பக நலம்: அடுக்களையால் ஆவதும் ஆகாததும்

மார்பகத்துக்கு எது நல்லது என்று கேட்டால் இன்றைக்கு ஆளுக்கொரு பட்டியல் நீட்டுகிறார்கள். மஞ்சள், ஆளிவிதை, கிரீன் டீ, கருஞ்சீரகம், முள்சீத்தா இலை. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காணொளி கட்டியைக் கரைக்கும் கஷாயம் சொல்லித் தருகிறது. அடுத்த காணொளி பிரா அணிந்தாலே புற்றுநோய் வரும் என்று மிரட்டுகிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே, பலன் தரும் என்று ஆய்வுகளில் தேறிய சில விஷயங்களும் இருக்கின்றன. அவற்றில் பரபரப்பு இல்லாததால் யாரும் அனுப்பிவைப்பதில்லை. உணவாலும் வீட்டுப் பராமரிப்பாலும் மார்பகத்துக்கு எவ்வளவு செய்ய முடியும், எந்த இடத்தில் அவை நின்றுவிடுகின்றன என்று வரிசையாகப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டால் ஆவது உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஆவது. கட்டி என்று ஒன்று கையில் தட்டுப்பட்ட பிறகு அடுக்களையில் அதற்கு மருந்து இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நம் பெண்கள் உயிரை இழக்கிறார்கள்.

உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின்படி 2022-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறக்குறைய 98,000 பேர் அதனால் இறந்தார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. அப்போது பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே இங்கே இந்நோய் காணப்படுவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் நாற்பதுகளில் இருக்கும் ஒரு தாய் படுத்துவிட்டால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதற்கு எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை.

இந்த நோய்க்கும் வாழும் முறைக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, கன்னியாஸ்திரீகளிடம் மார்பகப் புற்றுநோய் அதிகம் இருப்பதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். 1926-இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நோயுற்றவர்கள் தாமதமாகத் திருமணம் செய்தவர்களாகவும், குறைவாகப் பிள்ளை பெற்றவர்களாகவும், குறைந்த காலம் பாலூட்டியவர்களாகவும் இருந்தார்கள். இன்று நோய்ப்பரவலியல் துறையில் எல்லோரும் கையாளும் ஒப்பீட்டு முறைக்கு அது முன்னோடி. பிற்பாடு காரணமும் தெரியவந்தது. மாதவிடாய்ச் சுழற்சி ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. சீக்கிரம் பூப்பெய்தி, தாமதமாக மாதவிடாய் நின்று, இடையில் கர்ப்பமும் பாலூட்டலும் குறைந்தால் அந்தத் தூண்டுதல் நடக்கும் வருடங்கள் கூடிவிடுகின்றன.

பாலூட்டலைப் பற்றித்தான் மிக உறுதியான சான்று இருக்கிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் திரட்டி, 2002-இல் லான்செட் இதழ் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டது. நோயுற்ற பெண்கள் மட்டும் அதில் 50,000-க்கு மேல். ஒரு பெண் தன் வாழ்நாளில் மொத்தமாகப் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம் குறைவது இதற்கு மேல். எந்தக் கீரைக்கும் எந்தப் பழத்துக்கும் இவ்வளவு திடமான கணக்கு கிடையாது.

ஆனால் இதை அறிவுரையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021-இல் அதை 12 மாதமாக்கியது. வீட்டு வேலை செய்பவருக்கும், சித்தாளுக்கும், அன்றாடக் கூலிக்குத் துணி தைப்பவருக்கும் நடைமுறையில் இதில் எதுவும் கிடைப்பதில்லை. அவர்களிடம் போய் இரண்டு வருடம் பால் கொடு என்று சொல்வதற்கு முன், வேலை செய்யும் இடத்தில் ஒரு குழந்தைக் காப்பகம் கேட்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்களும், பால் கொடுக்க முடியாமல் போனவர்களும் இந்தக் கணக்கைப் படித்து மனம் நோக வேண்டியதில்லை. இது ஊர் மொத்தத்துக்கான சராசரி. தனி ஒருத்தியின் நோய்க்கு அவளையே குற்றவாளியாக்க இது உதவாது.

பாலூட்டும் காலத்தில் மார்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் கைப்பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. பச்சை உடம்புக்காரிக்குப் பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி என்று பார்த்துப் பார்த்துச் செய்து போடுவார்கள். பால் ஊறுவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறது என்பதுதான். பால் காலியானால்தான் மறுபடி ஊறும். இந்தப் பத்திய உணவுகள் நேரடியாகப் பாலைப் பெருக்குகின்றனவா என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. ஆனாலும் மீனும் பருப்பும் கீரையும் பிரசவத்தில் இழந்த சத்தை மீட்டுத் தருகின்றன, அந்தத் தாயை ஒரு இடத்தில் உட்காரவைத்துப் பிறர் கவனிக்கிறார்கள். அதுவே பெரிய உதவி. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் பாலூட்டும் பெண் வாடிப்போவாள்.

பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் அண்மையில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. சூட்டு ஒத்தடம் கொடுத்து, கட்டியை அழுத்தித் தேய்த்து, கடைசிச் சொட்டுவரை பீய்ச்சி எடு என்பதுதான் பாட்டிமார் காலத்து வழி. பல செவிலியரும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். 2022-இல் தாய்ப்பால் மருத்துவத்துக்கான பன்னாட்டு மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஏறக்குறைய தலைகீழாக்கியது. உள்ளே இருப்பது வீக்கம். அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய குழல்களும் திசுவும் காயப்பட்டு வீக்கம் கூடும். மேலும் மேலும் பீய்ச்சினால் உடம்பு அதற்கு ஈடாக இன்னும் பாலை ஊறவைக்கும். ஆகவே குளிர்ந்த ஒத்தடம், குழந்தை கேட்கும்போது வழக்கம்போலப் பாலூட்டல், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை, ஓய்வு ஆகியவையே போதும். ஒருநாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, சிவந்து வலி கூடினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிட முடியாது. பிள்ளையை இழந்த தாய்க்கும், பால் மறக்கடிக்க வேண்டிய தாய்க்கும் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பால் வற்ற அப்போது கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரை. இன்னொரு பிரிவினருக்கு மார்பில் ஒட்டவைத்த மல்லிகை. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டு பிரிவிலும் குறைந்தது, மாத்திரையில் கூடுதலாக. ஆனால் பால் வற்றியது, மார்பு கட்டிக்கொள்ளாதது, வலி மாத்திரை தேவைப்பட்ட அளவு ஆகியவற்றில் இரண்டும் சமமாக நின்றன. மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்கு நிறுத்திய பிறகு பால் திரும்ப ஊறியது. கைமருந்தை இப்படித்தான் அணுக வேண்டும் என்பது என் எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் வேண்டாம், ஏளனமாகத் தள்ளவும் வேண்டாம், அளந்து பார்க்கலாம்.

அடுத்தது வலி. மார்பில் வலி வந்ததும் புற்றுநோயோ என்று நடுங்காத பெண் குறைவு. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பக்கமும் கனத்து, தொட்டால் நோகும் வலி ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது. கட்டியோ வேறு மாற்றமோ இல்லாத வெறும் வலி, புற்றுநோயின் அடையாளமாக இருப்பது அரிது. இந்த வலிக்கு ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை நம் மருந்துக் கடைகளில் இன்னும் தாராளமாக விற்கிறது. சோதனைகளில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பிரிட்டன் 2002-இலேயே அதன் மருந்து உரிமத்தை விலக்கிக்கொண்டது. காப்பியை நிறுத்தினால் வலி போகும் என்பதும் பின்னர் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில் தேறவில்லை. குறைத்துப் பார்த்துத் தனக்கு நிம்மதி கிடைத்தால் குறைத்துக்கொள்ளலாம். ஆளிவிதைப் பொடிக்குச் சிறு சோதனைகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. சரியான அளவில் நன்றாகத் தாங்கும் உள்ளாடையும், வலி நாட்களில் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் இவற்றைவிட நம்பகமானவை. பிராவால் புற்றுநோய் வருமா என்று அமெரிக்காவின் சியாட்டிலில் ஆராய்ந்து, தொடர்பே இல்லை என்று 2014-இல் சொல்லிவிட்டார்கள். வியர்வை வாசனைக்குப் போடும் ஸ்பிரேக்கும் தொடர்பு இல்லை.

இனி சாப்பாடு. 1970-களில் நாடுகளை வரிசைப்படுத்தி, கொழுப்பு அதிகம் தின்னும் நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் அதிகம் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய குடும்பங்களில் ஓரிரு தலைமுறையிலேயே இந்நோய் கூடியது அதற்கு வலு சேர்த்தது. சரி, கொழுப்பைக் குறைத்துத்தான் பார்ப்போமே என்று அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். எட்டாண்டு முடிவில், 2006-இல் வெளிவந்த விடை ஏமாற்றம் தந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களிடம் நோய் 9 சதவீதம் குறைவு. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது பெரிதல்ல. ஆனால் அதே பெண்களை ஏறக்குறைய இருபதாண்டு தொடர்ந்து பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 21 சதவீதம் குறைவாக இருந்தார்கள். அவர்கள் கொழுப்பை மட்டும் குறைக்கவில்லை. காய், பழம், தானியத்தைக் கூட்டினார்கள், எடையும் சற்றுக் குறைந்தது. ஸ்பெயினில் 4,282 பெண்களிடம் நடந்த சோதனையில் ஆலிவ் எண்ணெயும் காய்கறியும் பருப்பும் மீனுமாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் மிகவும் குறைந்தது. ஆனால் அதில் மொத்தமே 35 பேருக்குத்தான் நோய் வந்தது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய நம்பிக்கை கொள்ளக் கூடாது. நார்ச்சத்து, காய், பழம் அதிகம் சேர்ப்பவர்களுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆபத்து குறைவதாகப் பல நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தில் ஒரு பங்கு என்பது அற்புதம் அல்ல, அற்பமும் அல்ல.

நம் ஊருக்கு இதில் உறைக்க வேண்டிய செய்தி உடல் எடை. மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, வேறு ஹார்மோன்களிலிருந்து ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு கூடக்கூட அந்த உற்பத்தியும் கூடுகிறது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அளவுக்கு மிஞ்சிய எடையில் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31 சதவீதம். ஐந்தே ஆண்டுக்குள் இவ்வளவு ஏற்றம்.

மதியத் தட்டைப் பாருங்கள். நடுவில் வெள்ளைச் சோற்றுக் குவியல், அதன்மேல் சாம்பார், அடுத்து ரசத்துக்கு ஒரு குவியல், மோருக்கு இன்னொன்று. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ஒரு அப்பளம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு அந்தப் பொரியலும் சட்டியின் அடியில்தான் மிஞ்சும். மீனும் முட்டையும் தீர்ந்திருக்கும். சோறு மட்டும் எப்போதும் இருக்கும். ஏழைப் பெண்ணும் குண்டாவதும், குண்டான பெண்ணுக்கும் இரத்தசோகை இருப்பதும் இந்தத் தட்டிலிருந்து வருகிறது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரையும் சுண்டலும் பயறும் பொரியலும் நிரப்புவது ஆளிவிதையும் கிரீன் டீயும் வாங்குவதைவிட முக்கியம். சிறுதானியம் நல்லதுதான், அதில் நார் கூடுதல். ஆனால் நான்கு கம்பங்களி உருண்டையும் மாவுச்சத்துதான். கடையில் விற்கும் மிக்ஸரும் பன்னும் பாட்டில் பானமும் குறைந்தால் பாதிப் போராட்டம் முடிந்தது. இதோடு வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வேகமாகும் அளவுக்கு நடக்க வேண்டும். மது இந்நோயை வரவழைக்கிறது என்பது உறுதியான செய்தி. நாளுக்கு ஒரு சிறு கோப்பைகூட ஆபத்தைக் கூட்டும். நம் பெண்களில் குடிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் இத்தோடு விடுகிறேன்.

மாத்திரை, பொடி வடிவில் வரும் ‘இயற்கை’யைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். வைட்டமின் டி புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் 25,871 பேருக்குச் செய்த சோதனை 2019-இல் முடிவு சொன்னது: நோய் வருவது குறையவில்லை. குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதிலுள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அதைச் செறிவாக்கி மிளகுச் சாற்றோடு மாத்திரையாக விற்கும்போது கதை மாறுகிறது. மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மருந்தின் அளவை அது இரத்தத்தில் குறைப்பதாக நெதர்லாந்தில் 2019-இல் நடந்த ஒரு சிறு ஆய்வு கண்டது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மருந்தின் வலுவைக் குறைத்துவிடுகிறோம். சோயா விஷயத்தில் பயம் எதிர்த்திசையில் இருக்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருப்பதால் நோய் வந்தவர்கள் மீல்மேக்கரைத் தொடவே கூடாது என்கிறார்கள். ஷாங்காயில் நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன. உணவாகச் சாப்பிடலாம்.

சுயப் பரிசோதனைக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்த்தால் உயிர் பிழைக்கலாம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஷாங்காய் நெசவாலைகளில் 2,66,064 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முறையாகப் பயிற்சி தந்தார்கள். 2002-இல் வந்த முடிவில், பயிற்சி பெற்ற பிரிவில் 135 பேரும், பெறாத பிரிவில் 131 பேரும் இந்நோயால் இறந்திருந்தார்கள். தீங்கில்லாத கட்டிகளுக்காக நடந்த அறுவை மட்டும் கூடியது. நம் நாட்டில் நடந்த சோதனை வேறு பாடம் சொன்னது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, 1998-இல் தொடங்கி குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை உள்ள 1,51,538 பெண்களிடம் இருபதாண்டு ஆராய்ந்தது. மருத்துவர் இல்லை, மேமோகிராம் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பிரிவினரை மட்டும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோயுற்றவர்களில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் மற்றப் பிரிவில் 47 சதவீதம், பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

நம் கையில் இருக்கும் மிக மலிவான, மிகப் பயனுள்ள கருவி இந்தக் கைப்பரிசோதனைதான் என்பேன். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், சிறு சிறு வட்டமாக, முதலில் மேலாக, பிறகு நடுவாக, பிறகு விலா எலும்பு தட்டும்வரை அழுத்தி, காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ்மடிப்புவரை ஓர் இடம் விடாமல் போவார்கள், கடைசியில் அக்குள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது இலவசம். அப்படியும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், அதுவரை ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேரைக்கூட எட்டவில்லை. நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவரும் இல்லை. கூச்சம், நேரமின்மை, திரைச்சீலை இல்லாத அறை, ‘வலிக்கவில்லையே, எதற்குப் போக வேண்டும்’ என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கை. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. புதிதாக ஒரு கட்டி, அக்குளில் நெறி, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, இரத்தம் கலந்த கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டிவிட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. இளம் பெண்களிடம் உருண்டு நழுவும் நார்க்கட்டிகள் அதிகம். எது எப்படிப்பட்டது என்பதை ஸ்கேன், மேமோகிராம், ஊசிப் பரிசோதனை மூன்றும் சேர்ந்துதான் சொல்ல முடியும். ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பயத்தில் ஆறு மாதம் கட்டிக்குப் பற்றுப் போட்டுவிட்டு வருபவர்களைப் புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஊசிப் பரிசோதனையால் அப்படிப் பரவி உயிருக்கு ஆபத்து வருவதில்லை; தாமதத்தால் வருகிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முறையான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய நோயாளிகளை, அந்தச் சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் அப்படிச் செய்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். அவர்கள் பரவாத நிலையில், குணமாகக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு உணவுக்கு மறுபடி வேலை வருகிறது. சர்க்கரை புற்றுக்குத் தீனி என்று சோற்றையும் பழத்தையும் பறித்து, நோயாளியைக் கஞ்சியில் கிடத்தும் குடும்பங்கள் உண்டு. கீமோதெரபி நாட்களில் உடம்புக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. வேகவைத்த முட்டை, பருப்பு, மீன், தயிர், கடலை எது வாய்க்குப் பிடிக்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுக்கலாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும், புதிதாகச் சமைத்த சூடான உணவும்தான் சரி. பச்சைக் காய்ச் சாறும் கடைச் சட்னியும் வேண்டாம். லேகியமோ பொடியோ மூலிகை மாத்திரையோ யாராவது வாங்கித் தந்திருந்தால், அந்தப் பாட்டிலையே பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.